தங்கம்மா கொட்டிய சாக்கு

நவம்பர் 18, 2024, திங்கள்

ஆடியில் தைராய்டு மாத்திரை தொடங்கினேன். ஐப்பசிக்குள் வலது கண் முட்டையாட்டம் வெளியே வந்துவிட்டது. இடது கண் கொஞ்சம்தான். ஒரு நன்மை உண்டு. சும்மா திரும்பிப் பார்த்தாலே மேஸ்திரி செல்லப்பன், "ஏனுங்கக்கா முறைக்கறீங்க? நான் ஒண்ணுஞ் சொல்லலீங்களே" என்று நடுங்குகிறான். முறைக்கவில்லை என்று நானும் சொல்லவில்லை. போன வருஷம் பழம் எடுக்க எனக்கு முள்ளுப்புதர் ஓரமாக வரிசை ஒதுக்கினவன்தானே.

பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிவதுதான் தொல்லை. காலையில் காப்பித் தோட்டத்தில் இரண்டு தங்கம்மா எதிரே வந்தார்கள். கூடப் பழம் எடுக்கிறவள்தான்; ஒருத்தியையே இருபத்தாறு வருஷமாகச் சகிக்க முடியவில்லை. வலது கண்ணைத் துண்டால் கட்டிவிட்டேன். ஒருத்தி ஒழிந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்கிறாள் பேத்தி புவனா. காப்பிப் பழம் எடுக்கிற சமயத்திலா?

நவம்பர் 24, ஞாயிறு

போன வாரம் எடுத்த சிவப்புச் சேலையை ஏற்காட்டில் பஷீர் பாய் கடையிலேயே கொண்டுபோய்ப் போட்டேன். கட்டவே இல்லை, அதற்குள் வெளுத்துவிட்டது. "ஏனுங்கம்மா, ரத்தச் சிவப்புங்க இது" என்கிறார். துணி விற்கிறவர் வேறென்ன சொல்வார்? கட்டாத கண்ணால் ஒரு பார்வை பார்த்தேன். திரும்ப வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 30, சனி

சாயங்காலம் எடை போடுமுன் அவரவர் சாக்கைத் தார்ப்பாயில் கொட்டுவது வழக்கம். என் சாக்கைத் தங்கம்மா கொட்டினாள். அத்தனை பேர் முன்னால். பாதிக்குப் பாதி செங்காய்.

"ஏனக்கா, பழுத்தது பழுக்காதது தெரியலையா உங்களுக்கு?"

நாற்பது வருஷம் பழம் எடுத்த கை இது! அவளே கொண்டுவந்து போட்டிருப்பாள். செய்யக்கூடியவள். 98 தை மாதம், என் மகள் வளைகாப்புப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "சோறு கொழைஞ்சு போச்சு" என்று ஊருக்கே கேட்கச் சொன்ன வாய்.

டிசம்பர் 1

அழவில்லை. துண்டு கட்டின கண்ணில் தண்ணீர் தானாக வருகிறது.

டிசம்பர் 3, செவ்வாய்

சேலம், கண் ஆஸ்பத்திரி. தங்கம்மா புவனாவிடம் சொன்னாளாம்: "உங்க அம்மாயி கை செங்காயத் தொடாது கண்ணு. கண்ணுலதான் என்னமோ. கூட்டிட்டுப் போ." என் கையைப் பற்றிப் பேச இவள் யார்?

டாக்டரம்மா மருந்துப் புட்டியின் சிவப்பு மூடி ஒன்றைக் காட்டினார். வலது கண்ணுக்கு நல்ல சிவப்பு. இடது கண்ணுக்குக் காய்ந்த செங்கல். "மூடிய மாத்திட்டீங்க" என்றேன். "ஒரே மூடிதாம்மா." அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

ஒரே மூடிதான்.

கண்ணுக்குள்ளே படம் எடுத்துக் காட்டினார். விழித்திரையில் சுருக்கமாம் — முகத்தில் இருப்பது போதாதென்று. நரம்பு வந்து சேர்கிற இடம் உப்பியிருக்கிறது. தைராய்டால் கண்ணுக்குப் பின்னால் சதை வீங்கி நரம்பை நெரிக்கிறதாம். வலது கண் வெளியே தள்ளித் தப்பித்துக்கொண்டது. இடது கண் உள்ளேயே மாட்டிக்கொண்டது. நானோ நல்ல கண்ணைக் கட்டிவிட்டு, சாகிற கண்ணால் பழம் எடுத்திருக்கிறேன்.

"இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா அந்தக் கண்ணு போயிருக்கும்மா."

இப்போது மட்டும் திரும்புமா? ஊசி போட்டுத்தான் தெரியுமாம்.

டிசம்பர் 6, வெள்ளி

மூன்று நாள் மருந்து ஏற்றினார்கள். அடுத்த வாரம் மறுபடி. புவனாவுக்கு லீவு இல்லை. துணைக்கு வந்து தரையில் படுத்துக் கிடந்தவள் யார்? தங்கம்மாதான். வேறு ஆளே கிடைக்கவில்லையா இந்த மலையில்!

திரும்பும்போது பத்தாவது கொண்டை ஊசி வளைவு வரைக்கும் வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன். அப்புறம் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு நெசமாலுமே சோறு கொழைஞ்சா இருந்துச்சு?"

"நொம்பக் கொழைஞ்சு இருந்துச்சு அக்கா. அதையே நான் ரெண்டு தடவ வாங்கித் தின்னேன். அதை மட்டும் மறந்துட்டீங்க."

மறக்கவில்லை. மூன்று தடவை.

ஜனவரி 5, 2025, ஞாயிறு

பஷீர் பாய் கடைக்குப் போய் அந்தச் சேலையையே கேட்டு வாங்கிவந்தேன். வலது கண்ணை மூடிப் பார்த்தேன். ரத்தச் சிவப்புதான். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

பிப்ரவரி 3, திங்கள்

இந்த வருஷத்துக் கடைசிப் பழம். தங்கம்மா சாக்கை நான்தான் தார்ப்பாயில் கொட்டினேன். மூன்று செங்காய். இடது கண்ணுக்கே பளிச்சென்று தெரிந்தது. செல்லப்பன் வருவதற்குள் எடுத்து என் மடியில் போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

இங்கே எழுதி மட்டும் வைத்திருக்கிறேன்.