பழைய பிரதிகள் பத்து

நவம்பர் 5, திங்கள்

விடிய முதல் மழை. வாங்க வேண்டியது: பாண், மெழுகுதிரி, சிவப்புப் பேனை. வீட்டுக்காரம்மாவுக்குப் பொலிஸ் பதிவுத் துண்டின் போட்டோ கொப்பி, மூன்றாவது தடவை. கண்டியில் பதினொரு வருடமாகக் கணக்குப் படிப்பிக்கிறேன். இன்னும் நான் யாழ்ப்பாணத்திலிருந்து "வந்து நிற்பவள்".

பள்ளி விட்டு ஃபாஹிமின் கொம்யூனிகேஷன் கடை, போனும் இணையமும். தேவாலயத்தின் அறிவித்தல் பக்க வேலை. போரில் பாதை பூட்டியபின் யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் போய்ச் சேரக் கிழமைக்கணக்கு. இங்குள்ளவர்கள் "சுகமாக இருக்கிறோம்" என்று எழுதிப் பாதரிடம் கொடுப்பார்கள். நான் அதை இணையப் பக்கத்தில் ஏற்றுவேன். அங்கே தேவாலய அலுவலகத்து மேரிக்குத் திங்கட்கிழமைகளில் மட்டும் இணையம். வாசித்து வீடு வீடாகப் போய்ச் சொல்லுவாள்.

பாதர் போன மாதமே கேட்டார். "எல்லாத்துக்கும் ஒங்களையே எதிர்பார்க்க வேண்டியிருக்கு, டீச்சர். நாங்களே எழுதுற மாதிரி ஒண்ணு போட்டுத் தாங்களேன்."

போடலாம். சேர்வரில் எங்களுக்கு இடம் இருபது எம்பி. அதுவும் யாரோ வெளிநாட்டிலிருந்து இலவசமாகக் கொடுத்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. ஆனாலும் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது:

முதலாவது எடிட்டர் (பக்கத்திலேயே எழுதித் திருத்தும் புரோகிராம்): டேட்டாபேஸ் கேட்கிறது. நம் சேர்வரில் இல்லை. சரிவராது.
இரண்டாவது: தமிழில் எழுதி சேவ் பண்ணினால் வரி முழுக்கக் கேள்விக்குறி.
மூன்றாவது: அழகான பொத்தான்கள், நிறங்கள். திறக்க நாலு நிமிடம். அதற்குள் லைன் அறுந்துவிடும்.

நாலாவதை நாளை மறுநாள் பார்க்கலாம். வந்த கடிதங்கள் பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன. எடிட்டர் சரிவந்ததும் ஒரேயடியாகக் கம்ப்யூட்டரில் அடிப்பேன்.

நவம்பர் 7, புதன்

கிடைத்துவிட்டது! ஒரு பெட்டி, ஒரு பொத்தான். எழுது, சேவ். டேட்டாபேஸ் வேண்டாம். தமிழ் தமிழாகவே நிற்கிறது. எல்லாவற்றிலும் மேலாக, சேவ் பண்ணும்போதெல்லாம் முந்திய பக்கத்தை ஒரு பிரதி எடுத்து வைக்கிறது. பத்துப் பிரதிகள், பதினோராவது வந்தால் மிகப் பழையது தானாக அழியும். யாராவது தெரியாமல் எதையாவது அழித்தாலும் பயமில்லை. எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும் போல இருந்தது.

பாதருக்கும் மேரிக்கும் பாஸ்வேர்ட் கொடுத்தாயிற்று.

தம்பி கஜனுக்கு வெள்ளைச் சேட் இரண்டு அனுப்ப வேண்டும். தெல்தோட்டையில் ஒரு தோட்டப் பாடசாலை மாஸ்டரின் குவார்ட்டர்ஸில் இருக்கிறான். பொலிஸ் பதிவு இல்லாமல். முன்பு கண்டியில் தங்கியிருந்த லொட்ஜில் பக்கத்துக் கட்டில்காரனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்றுவரை அவன் எங்கே என்று தெரியாது. இவன் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டான். தெரியவந்தால், பதிவில்லாமல் வைத்திருந்ததற்கு மாஸ்டரையும் பிடிப்பார்கள். இந்த இடம் எனக்கும் பாதருக்கும் மட்டும் தெரியும். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. போனில் சொல்லப் பயம், ஒட்டுக் கேட்கிறார்கள்.

நவம்பர் 13, செவ்வாய்



பாதர் இன்று காலை முதன்முதலாகத் தானே ஒரு அறிவித்தல் போட்டிருக்கிறார். சந்தோஷமாகப் பக்கத்தைத் திறந்தேன். தம்பியின் முழுப்பெயர், அப்பா பெயர், தெல்தோட்டை, தோட்டத்தின் பெயர், இன்ன மாஸ்டரின் வீட்டில் நலமாக உள்ளார், தாயார் கவலைப்பட வேண்டாம்.

உடனே நீக்கினேன். பிறகு பாதரிடம் ஓடினேன்.

"பாதர், என்ன வேலை செய்தனீங்கள்?"

"ஏன் டீச்சர்? நீங்க மத்தவங்களுக்கெல்லாம் எழுதுறீங்க, ஒங்க அம்மாவுக்கு மட்டும் ஒரு வரி இல்ல. அதான் நானே போட்டேன்."

"விலாசம் ஏன் போட்டனீங்கள்?"

"விலாசம் இல்லாத அறிவித்தல யாருங்க நம்புவாங்க? கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கிறப்பகூட இன்ன ஊர், இன்னாருடைய மகன்னுதானே சொல்றோம்."

மலைநாட்டில், நாவலப்பிட்டியில் பிறந்த மனிதர்; எங்கள் பயம் தெரியாது. மனதில் ஒரு கள்ளமில்லை. சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. அவரைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. நாவலப்பிட்டிக்காரருக்கும் எழுதத் தெரிகிற எடிட்டர்தான் வேண்டுமென்று தேடியது நான்.

திரும்பிக் கடைக்கு வந்து பார்த்தால்தான் தெரிகிறது. பக்கத்தின் அடியில் "பழைய பிரதிகள்". அழுத்தினேன். முதலாவதாகத் தம்பி இருக்கிறான், விலாசத்தோடு. பாஸ்வேர்டும் தேவையில்லை. உலகத்தில் எவரும் அழுத்தலாம்.

பிரதியை அழிக்கப் பார்த்தேன், சேர்வர் விடவில்லை; எங்கள் கணக்குக்கு அந்த அனுமதி இல்லையாம். பிரதிகளின் எண்ணிக்கையைப் பத்திலிருந்து ஒன்றாக்கப் பார்த்தேன், முழுப் பக்கமும் வெள்ளையாகிவிட்டது. திரும்பப் பத்தாக்கினேன். இடம் தந்தவருக்கு ஈமெயில். பதில் இல்லை.

நவம்பர் 15, வியாழன்

பதில் இல்லை.

பின்னேரம் கடைக்குள் கால் வைக்க முதலே ஃபாஹிம் வெளியே வந்தார். "டீச்சர், ரெண்டு பேரு வந்தாங்க. சிவில் உடுப்புல. தமிழ்ல ஆள்கள்ட பேரு போடுற பக்கமொண்டு இங்கேந்துதான் போகுதாமேன்னு கேட்டாங்க."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"கோயில் வேலைன்னு சொன்னேன். சனிக்கிழம தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரக் கூட்டிட்டு வருவாங்களாம். ஒண்ணும் அழிக்க வாணாம்னு சொல்லிட்டுப் போனாங்க." பிறகு, "அதுல என்ன இருக்கு டீச்சர்?" என்றார்.

சொன்னேன். திகனயில் கடை வைத்த வாப்பாவின் மகன், ஆளை எடைபோடத் தெரிந்தவர். எனக்கு ஒரு பிளேன்டீ கொண்டுவரச் சொன்னார்.

கணக்கு எளிது. இன்னும் பத்துத் தடவை சேவ் பண்ணினால் தம்பி வெளியே தள்ளப்படுவான். ஒரு முற்றுப்புள்ளி வைத்து, எடுத்து, வைத்து, எடுத்து, ஐந்து நிமிட வேலை. கீபோர்டில் கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை வருகிறவன் பத்துப் பிரதியையும் திறந்து பார்த்தால் பத்தும் ஒன்று. எதையோ மறைத்தாள் என்று குழந்தைப் பிள்ளைக்கும் விளங்கும். பத்தும் உண்மையான அறிவித்தலாக இருக்க வேண்டும்.

பிஸ்கட் டின். மறந்தே போனேன். நல்ல எடிட்டர் தேடுகிறேன் என்று மூன்று கிழமையாக அடிக்காமல் போட்ட கடிதங்கள்.

ஒன்பது.

நவம்பர் 16, வெள்ளி

அரை நாள் லீவு. தலையிடி என்று எழுதினேன், பொய்யில்லை. பகல் வரை கடையில் இடமில்லை, எல்லாக் கதிரையிலும் ஆள். ஜும்ஆத் தொழுகைக்குக் கடை பூட்டும் நேரம் ஃபாஹிம் சொன்னார்: "நீங்க உள்ள இருங்க டீச்சர். நான் ஷட்டர எறக்கிட்டுப் போறேன். ரெண்டு மணிக்கு முந்தி தொறக்க மாட்டேன்."

உள்ளே இருட்டு. கம்ப்யூட்டர் வெளிச்சம் மட்டும். வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டால் விரல் நிற்கும்.

முதல் கடிதம்: "மகளுக்கு ஆண் குழந்தை. அம்மம்மாவின் சாயல்." சேவ்.
இரண்டு: "மூக்குக்கண்ணாடி மாற்றிவிட்டேன், யோசிக்க வேண்டாம்."
மூன்று: "அப்பா போன மாதம் மோசம் போய்விட்டார். இங்கேயே எரித்தோம். மன்னிக்கவும்."

இது மூன்று கிழமையாக என் டின்னுக்குள் கிடந்திருக்கிறது. பிஸ்கட்டை விட்டுக் கிரீமை மட்டும் தின்னும் பிள்ளையைப் போல நான் பொத்தானும் நிறமும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அழுதேன், அடித்துக்கொண்டே அழுதேன்.

ஆறாவதில் லைன் அறுந்தது. பன்னிரண்டு நிமிடம். ஒவ்வொரு சேவுக்கும் தம்பி ஒரு படி கீழே இறங்கினான். ஒன்பது முடிய மணி ஒன்றே முக்கால். தம்பி பத்தாவது பிரதியில், கடைசிப் படியில்.

பத்தாவதை நானே எழுதினேன். "அம்மாவுக்கு: அக்காவும் தம்பியும் சுகம். இடம் கேட்க வேண்டாம்." சேவ்.

பழைய பிரதிகளைத் திறந்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இல்லை. தம்பி எங்கும் இல்லை.

ஷட்டர் உயர்ந்தது. "முடிஞ்சிச்சா?" என்றார் ஃபாஹிம். தலையை ஆட்டினேன்.

நவம்பர் 17, சனி

வந்தார்கள். நான் போகவில்லை, ஃபாஹிம் பிறகு சொன்னார். தமிழ் வாசிக்கிறவர் கதிரையை இழுத்துப்போட்டு எல்லாவற்றையும் வாசித்தாராம். பழைய பிரதிகளையும். பத்தையும். முக்கால் மணித்தியாலம். "சாவு, கல்யாணம், புள்ள பொறந்தது. வேற ஒண்ணுமில்ல" என்று அவர்களுக்குச் சிங்களத்தில் சொன்னாராம். இனி ஒவ்வொரு கிழமையும் வந்து பார்ப்பார்களாம்.

சோறு இறங்கியது. நாலு நாளைக்குப் பிறகு.

நவம்பர் 20, செவ்வாய்

மழை. ஒன்பதாம் வகுப்பு பேப்பர் திருத்தவில்லை.

பக்கத்தில் புதிதாக ஒன்று, நேற்றைய தேதியில். மேரி அடித்தது. அம்மா அங்கே தேவாலய அலுவலகத்துக்கே போயிருக்கிறா.

"காணவில்லை. கந்தையா கஜேந்திரன், வயது 26. கடைசியாகக் கண்டியில் நின்றதாகக் கேள்வி. தமக்கை சுகம் என்று எழுதுகிறாள், இடம் சொல்கிறாளில்லை. என்னிடம் எதையோ மறைக்கிறாள். தகனமா அடக்கமா என்றாவது தெரிந்தவர் அறிவிக்கவும். தாய்."

மூன்று தடவை வாசித்தேன்.

ஃபாஹிம் என் தோளுக்கு மேலால் வாசித்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "நீக்கணுமா, டீச்சர்?"

நீக்கினாலும் பழைய பிரதிகளில் முதலாவதாக நிற்கும்; அவர்கள் அடுத்த முறை வருவதற்குள் வெளியே தள்ள இன்னும் பத்துக் கடிதம் வேண்டும். பையிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்து பார்த்தேன். ஒரு கடிதமும் இல்லை.