கடிதத்தின் ஓரத்தில் சுண்ணாம்பு

வட்டகொடை
20.1.1957

அன்புள்ள காளியாயிக்கு,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. பொங்கலுக்கு நீ இங்கே வந்திருந்தபோது இரண்டு பேரும் வெற்றிலைப் பையை அடுப்பில் போட்டோமே, இன்றோடு ஆறு நாள். ஆறு நாளாக வீட்டில் யாருக்கும் என்னால் நிம்மதி இல்லை.

புகையிலையை விட்டால் கன்னத்துக்குள் இருக்கும் வெள்ளைப் புண் ஆறும், விடாவிட்டால் கண்டிக்குப் போய் அறுக்க வேண்டிவரும் என்று டாக்டர் ஐயா சொன்னதை இவரிடமும் சொன்னேன். "சரி, விட்டுரு" என்று சொல்லிக்கொண்டே என் முன்னால் ஒரு வாய் போட்டுக்கொள்கிறார். மலையில் பத்து மணிக்குத் தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கியதும் வீரம்மா முந்தானை முடிச்சை அவிழ்க்கிறாள். "ஒரு வாய்தான நாகு, செத்தா போயிருவ?" என்கிறாள். செத்துப்போவேன் என்று பயந்துதானே விட்டிருக்கிறேன்.

எனக்குத் துணை நீ ஒருத்திதான். விட்டிருக்கிறாயா, உண்மையைச் சொல். நீ தொட்டால் நானும் தொட்டுவிடுவேன்.

உன்
நாகலெட்சுமி


பூண்டுலோயா
27.1.1957

அன்பு நாகுவுக்கு,

நான் தொடவில்லை. நீயும் தொடாதே. வாய் ஊறினால் வறுத்த கொத்தமல்லியை மெல்லு. வீரம்மா பக்கத்தில் உட்காராதே, அவள் பள்ளிக்கூடத்திலேயே நம்மைக் கெடுத்தவள். ஞாயிறு தவறாமல் எழுதுவேன்.

காளி


வட்டகொடை
24.3.1957

காளி,

உன் பேச்சைக் கேட்டு என் அண்ணன் உறவே போய்விட்டது. அவர் மகள் பூரணிக்கு நேற்று பரிசம் போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் அத்தை என்று மரியாதையாக என் முன்னால் வெற்றிலைத் தட்டை நீட்டினார்கள். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

என் மகனுக்குப் பெண் கொடுக்கவில்லை என்ற கோபத்தில் வெற்றிலையை மறுத்தேனாம். "ஒம் மனசு எங்களுக்குத் தெரியாதா?" என்று அண்ணன் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். என் மகன் அழகனுக்கு ஒன்பது வயது. இவர்களிடம் என்ன சொல்லிப் புரியவைப்பது?

வாங்கி மடியில் கட்டியிருக்கலாமே என்று எழுதாதே. மடியில் இருப்பது அரை மணி நேரத்தில் வாய்க்குள் போயிருக்கும்.

உன் கடிதத்தின் ஓரத்தில் சுண்ணாம்பு மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. என்ன அது?

நாகலெட்சுமி


பூண்டுலோயா
31.3.1957

நாகு,

எங்கள் லயத்து வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறார்கள், கையில் ஒட்டியிருக்கும். உன் புண்ணைப் பற்றி உன் அண்ணன் முத்துலிங்கத்துக்கு நானே விவரமாக எழுதியிருக்கிறேன். அவர் வருவார். நீ தாங்கிக்கொள், நானும் இங்கே தாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

காளி


வட்டகொடை
12.5.1957

காளியாயிக்கு,

புண் ஆறிவிட்டது. டாக்டர் ஐயா விளக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிக் கண்டிக்குப் போக வேண்டாம் என்றார். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அண்ணனும் வந்தார், வாசலில் நின்று அழுதார்.

அந்தச் சந்தோஷத்தில் உன் கடிதங்களையெல்லாம் எடுத்து விரித்தேன். பதினைந்து கடிதம். பதினைந்திலும் அதே ஓரத்தில், விரல் அகலத்துக்குச் சுண்ணாம்பு. எங்கள் லயம் வெள்ளையடித்து நாலு வருஷமாகிறது. உங்கள் தோட்டத்துத் துரை மட்டும் பதினைந்து வாரம் வெள்ளையடிக்கிறாரா?

உன்னை நம்பித்தானே சபையில் அவமானப்பட்டேன். அந்த மலைக்கு அப்பால் இன்னொருத்தியும் என்னைப் போலவே தவிக்கிறாள் என்று நினைத்துத்தானே ஒவ்வொரு நாளையும் தள்ளினேன். நீ மென்றுகொண்டே எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறாய். கையைக் கழுவிவிட்டுப் பதில் எழுது.

நாகலெட்சுமி


பூண்டுலோயா
19.5.1957

நாகு,

நலம் விசாரிக்கும் நிலையில் நானும் இல்லை.

மூன்றாம் நாளே போட்டுவிட்டேன். அதை உனக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் உன் முதல் கடிதம் வந்தது. நீ தொட்டால் நானும் தொட்டுவிடுவேன் என்று எழுதியிருந்தாய். அதற்கு மேல் எப்படி உண்மையை எழுதுவது?

நீ திட்டி எழுதிய கடிதம் கிடைத்த புதன்கிழமையிலிருந்து விட்டிருக்கிறேன். நாலு நாள். நேற்று அகப்பையை எறிந்தேன், நல்ல வேளை, யார் மேலும் படவில்லை. என் வீட்டுக்காரர், "ஒரு வாய்தான, போட்டுக்க. வீட்டுல எல்லாரும் நிம்மதியா இருப்போம்" என்கிறார். கொத்தமல்லி ஒன்றுக்கும் உதவவில்லை. அதை உனக்குச் சொன்ன என்னை நானே உதைக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தின் ஓரத்தை நன்றாகப் பார்த்துக்கொள். திட்டி எழுதினாலும் பரவாயில்லை, ஞாயிறு தவறாமல் எழுது. நீ எழுதாவிட்டால் போட்டுவிடுவேன்.

காளி