அப்பாவின் ஆறாம் மாத எக்கோ

அண்ணா,

அப்பாவின் இதயம் இரு பக்கமும் சேர்ந்து துடிக்கக் கருவி பொருத்தி ஆறு மாதம் ஆகிறது. இன்று நானே எக்கோ ஸ்கேன் எடுத்தேன்.

பத்தில் மூன்று பேருக்கு அந்தக் கருவி பலன் தராது. ஈசிஜியைப் பார்த்து, அப்பா அந்த மூவரில் ஒருவர் என்று சொன்னவள் நான். "நீ மெஷினைப் பாக்குற, நான் அப்பாவைப் பாக்குறேன்" என்று நீ சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாய். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை.

இருபத்திரண்டு சதவீதமாக இருந்த இதயத்தின் வேலைத்திறன் இன்று முப்பத்தெட்டு. நம்பாமல் மூன்று முறை அளந்தேன்.

"என்னம்மா, எதையாவது தொலைச்சிட்டுத் தேடுறியா?" என்றார் அப்பா.

என் கணிப்பு தவறிவிட்டது என்றேன்.

"அதை ஏன் என்கிட்ட சொல்ற? அவன்கிட்ட சொல்லு."

இரண்டு மாடி நிற்காமல் ஏறுகிறார். உன் வீடு மூன்றாவது மாடி. ஞாயிற்றுக்கிழமை அழைத்து வரட்டுமா?

உன் தங்கை