சித்தூர் பக்கத்து எண்

திருப்பதியில் உன் வீட்டு வாசலில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரில் ‘ஏடிஎம் நிபுணர்’ என்று போட்டு, உன் முகத்துக்குக் கீழே பணம் எடுக்கும் இயந்திரத்தின் படத்தை அச்சடித்திருந்தார்கள். நாம் வேலை பார்த்த ‘ஏடிஎம்’ வேறு, அது கணினிகளை இணைக்கும் ஒருவகை வலையமைப்பு என்று யாரிடம் போய்ச் சொல்வது? எனக்குச் சிரிப்புதான் வந்தது. உனக்கே அது சரியாகத் தெரியாதே.

தகவலை வழி பிரித்து அனுப்பும் கருவியான சுவிட்ச் இருந்த சித்தூர் அறையில் நாம் சேர்ந்த வாரமே உனக்குச் சொன்னேன். தகவல் புறப்படும் முன்பே அதன் வழியை ஒவ்வொரு சுவிட்சிலும் எழுதிவைத்து விடுகிறோம். ஒவ்வோர் இணைப்புக்கும் தனிக் கம்பி கிடையாது. பட்டியலில் இருக்கும் எண்கள்தான் இணைப்பு. சின்னச் சின்னத் துண்டுகளாக வரும் தகவலின் தலையிலுள்ள எண்ணைப் பார்த்து, அடுத்த கம்பிக்குரிய எண்ணை மாற்றிப் போட்டு சுவிட்ச் அனுப்பிவைக்கும். நீ கொட்டாவி விட்டாய்.

ஒருநாள் நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் வேலையை முடித்திருந்தாய்.

“திருப்பதில நாப்பத்திரெண்டு, இங்க அம்பத்தேழுன்னு இருந்துச்சு. ரெண்டையும் நாப்பத்திரெண்டாக்கிட்டேன்” என்றாய், பெருமையாக.

“அய்யோ, நடுவுல பாகாலா சுவிட்சு மாத்தித்தானே அனுப்புது! அம்பத்தேழுன்னு வர்றத இப்ப யாரு வாங்குவாங்க?”

யாரும் வாங்கவில்லை. சித்தூர் சுவிட்ச் வந்ததையெல்லாம் வீசியெறிந்துகொண்டிருந்தது. ரத்தப் பரிசோதனை முடிவுகள் வரவில்லை என்று அந்த இணைப்பை நம்பியிருந்த மருத்துவமனையிலிருந்து போன் மேல் போன். நான் பழைய எண்ணைப் போட்டு இணைப்பை மீட்டபோது மேலாளர் உள்ளே வந்தார். நீ எழுந்து நின்று, “ஆமே மார்ச்சிந்தி சார்” என்றாய் தெலுங்கில். இவள்தான் மாற்றினாள் என்று. நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. மறுநாளே என்னைப் புகார் கவுண்டரில் உட்காரவைத்தார்கள். இரண்டு வருடம். அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் நீ செல்போனைப் பார்த்துக்கொண்டே நடந்தாய்.

நேற்று உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அன்னிக்கு நம்பர மாத்துனது நான்தான், பாவம் அவங்கமேல போட்டுட்டேன்னு சொல்லிக்கினே இருப்பாருக்கா.”

வீட்டில் சொல்லியிருக்கிறாய். மேலாளர் அறை உன் நாற்காலியிலிருந்து பத்தடி. அந்தப் பத்தடியை நடக்க உனக்குக் கால் வரவில்லை. பயத்தில் சொல்லிவிட்டு அதை மறந்துபோனவன் என்று உன்னை நினைத்திருந்தேன். செய்தது தப்பு என்று கடைசிவரை நினைத்துக்கொண்டே சும்மா இருந்தவன் என்று நேற்றுதான் தெரிந்தது.

நான் வேறு கம்பெனிக்குப் போய்ப் பல வருடமாகிவிட்டது. இன்றும் ஓர் எண்ணை மாற்றும் முன் மறுமுனையில் இருப்பவரைக் கூப்பிட்டுக் கேட்கிறேன். புதிதாக வந்தவர்கள், “எதுக்கு மேடம் இவ்ளோ பயம்?” என்கிறார்கள். ஒருத்தன் மாற்றிவிட்டு என்மேல் போட்டான் என்கிறேன். யாரென்று கேட்டால் சொல்வதில்லை. அந்த அளவுக்குத்தான் உன்னை மன்னிக்க முடிந்திருக்கிறது.