மணி வண்டியை நிறுத்திவிட்டான்

என் அருமை ஏன்னாவுக்கு,

இருந்தபோது உங்களை ‘ஏன்னா’ என்றே கூப்பிட்டவள், போன பிறகு மட்டும் பெயரைச் சொல்வானேன்? பயப்படாதீர்கள், நல்ல செய்திதான். உங்கள் தம்பி மணி மெட்ராஸ் பந்தயத்தில் உங்கள் காரை ஓட்டினான். முழுசாகத் திரும்பி வந்துவிட்டான். காரும் வந்துவிட்டது.

நீங்கள் போனதிலிருந்து அது மட்டாஞ்சேரியில் நம் சுக்குக் கிடங்கிலேயே கிடந்தது. கேரளம் தனி மாநிலமான வருஷம், சீமைக்குக் கப்பலேறிய தேயிலைத் துரை ஒருவரிடம் ஆசைப்பட்டு வாங்கினீர்கள். “ரெண்டு பேர் மட்டும் உக்கார்ற வண்டி, குடும்பஸ்தன் வாங்கறதாடா?” என்று உங்கள் அம்மா கேட்டதற்கு, “மூணாவது ஆள் வந்தா மடியில வெச்சுக்கலாம்” என்றீர்களே! கடைத்தெருவில் கைவண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்தாலே அதற்குக் கொதித்துவிடும். ஆவியைப் பார்த்ததும் சாயாக்கடைச் சேட்டன் வாளித் தண்ணீரோடு ஓடி வருவார்.

மணி பந்தயத்துக்குக் கேட்டபோது அம்மா அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். “ஒருத்தனைக் குடுத்தாச்சு. இவனை நீ கூட்டிண்டு போறே, நீயே கூட்டிண்டு வந்து சேரு” என்றாள்.

நீங்கள் காரில் போகவில்லை என்பது அவளுக்கும் தெரியும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். டாக்டரிடம் போகலாம் வாருங்கள் என்றேன். “ஒண்ணும் இல்லடி, உஷ்ணமாக்கும். ஆறிடும்” என்றீர்கள். மறுபடி கூப்பிட்டேன். மோர் கேட்டீர்கள். மோரோடு நான் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டிருந்தால் எழுந்து வந்திருப்பீர்களோ? நீங்கள் பந்தயம் ஓட்டியபோதும் இதே கதைதானே? ஓரத்தில் நின்று, நிறுத்தச் சொல்லித் துண்டை வீசி வீசி என் கை ஓய்ந்துபோகும். சக்கரத்தில் புகை கிளம்பினாலும் நீங்கள் நிற்க மாட்டீர்கள்.

இந்தத் தடவையும் அதே பழைய விமான ஓடுதளம், அதே மண்டையைப் பிளக்கும் வெயில். சில சுற்றுகளிலேயே என்ஜின் சூட்டைக் காட்டும் முள் மளமளவென்று ஏறியிருக்கிறது. குளிர் தேசத்துக்காரன் கால் கதகதப்புக்காக வைத்த ஹீட்டர் உண்டே, கொச்சியில் இது எதற்கு என்று நாம் சிரித்தோமே, அதை மணி திறந்துவிட்டிருக்கிறான். என்ஜின் சூட்டில் ஒரு பங்கு அவன் பாதத்துக்கு இறங்கிற்று. கால் கொப்புளித்தது, என்ஜின் பிழைத்தது.

பிரேக்குக்கு அந்த மாதிரி உபாயம் ஏது? நேர்பாதையில் பறந்து வந்து திருப்பத்தில் மிதிக்க வேண்டும், மறுபடி பறக்க வேண்டும், மறுபடி மிதிக்க வேண்டும். ஆறுவதற்கு அவகாசமே இல்லை. மணி இரண்டாவதாக வந்துகொண்டிருந்தான். முன் சக்கரங்களின் கருகல் நாற்றம் நான் நின்ற இடம்வரை அடித்தது. துண்டை எடுத்து வீசினேன். “போதும்டா மணி, வந்துடு!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவன் என் முன்னாலேயே பறந்து போய்விட்டான்.

உங்கள் தம்பிதானே, வேறு எப்படி இருப்பான்! குருவாயூரப்பா, அம்மா முகத்தில் எப்படி முழிப்பேன் என்று நின்றேன்.

அப்போதுதான் தூரத்தில் அவன் வண்டிச் சத்தம் இறங்கியது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக அவனைத் தாண்டினார்கள். அவன் பிரேக்கைத் தொடாமல், கியரை இறக்கி இறக்கி, சக்கரங்களைக் காற்றில் ஆறவிட்டுக்கொண்டே சுற்றை முடித்து ஓரம் சேர்ந்தான். ஹேண்ட்பிரேக்கையும் இழுக்கவில்லை. சூட்டோடு இழுத்தால் ஆறும்போது இறுகிப் பிடித்துக்கொள்ளுமாம். “மன்னி, சக்கரத்துக்கு ஒரு கல்லு வையுங்கோ” என்றான்.

வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். “நான் கூப்பிட்டேன்னு நின்னுட்டியேடா, என் கண்ணே” என்றேன்.

அவன் முழித்தான். “கூப்பிட்டேளா? நான் பாக்கவே இல்லையே மன்னி. பிரேக் பிடிக்காம பெடல் அடி வரைக்கும் போயிடுத்து. காலுக்குத் தெரிஞ்சுது, நின்னுட்டேன். அவ்வளவாக்கும்.”

கேட்டீர்களா? அவன் என்னைப் பார்க்கவும் இல்லை, என் குரல் அவன் காதில் விழவும் இல்லை. ஆனாலும் நின்றான். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் சொன்னதும் காதில் விழுந்தது. மோர் கேட்டீர்கள். அப்படியானால் என் குரலில் ஒரு குறையும் இல்லைதானே? இத்தனை வருஷம் எதற்காக அந்தப் பாரத்தைச் சுமந்தேன்? அந்த வெயிலில், அந்தக் கருகல் நாற்றத்தில், எனக்கு மூச்சு நன்றாக வந்தது.

வீடு வந்ததும் அம்மா மணியைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். கொப்புளத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள். எல்லாம் ஆன பிறகு, “அது சரி, ஜெயிச்சது எவன்?” என்று கேட்டாளே பார்க்கணும்!

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உரக்கக் கூப்பிட்டிருக்கலாமோ என்று இனி என்னை நானே கேட்டுக்கொள்ள மாட்டேன். நீங்கள் எழுந்து வந்திருக்கலாம் என்ற ஒரு திட்டு மட்டும் பாக்கி இருக்கிறது. அதை நேரில் வந்து திட்டிக்கொள்கிறேன். எனக்கு அவசரமில்லை. மணிக்குக் கல்யாணம் பண்ணி, அவன் குழந்தைகளையும் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் வருவேன்.

அதுவரை இங்கேயே இருக்கப்போகிற
உங்கள் ஆத்துக்காரி,
விசாலம்