நான் அவிழ்த்த நாலு விரற்கடை

அக்கா,

பக்கத்து வீட்டில் பட்டு நூலுக்குச் சாயம் தோய்த்துக் கொடியில் போட்டிருக்கிறார்கள். காலையிலிருந்து அந்த ஈர வாசனை. மூக்கைச் சுளிக்க வைக்கிற வாசனைதான். ஆனால் அது உன் கையில் எப்போதும் இருந்த வாசனை, அதனால் எழுத உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் உனக்கு வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அதற்கு முன் இருபது வருடம், என் தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூல் சுற்றித் தந்தவள் நீ. சும்மா உட்கார உனக்குத் தெரியாது. கண்ணாடி உடைந்த சாமி படத்தின் சட்டத்தை என்னிடம் நீட்டி, மேலும் கீழும் ஆணி அடிக்கச் சொன்னாய். அடித்து, ஆணிக்கு ஆணி நெடுக்கு நூலாகப் பாவும் கட்டிக் கொடுத்தேன். வெட்டிப்போட்ட துண்டு நூல்களை இடது கை விரல்களாலேயே குறுக்கே கோக்க ஆரம்பித்தாய். மாதிரி கிடையாது, கணக்கு கிடையாது. மஞ்சள் பாதி தூரம் போய்த் திரும்பிவிடும். பச்சை ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் மறந்து போகும்.

"இன்னாக்கா இது, பூவா, கோபுரமா?"

"யாருக்குடா தெரியும்? கை போவுது, நான் பின்னாலயே போய்க்கினு இருக்கேன்" என்று சிரித்தாய்.

எனக்கு அது நெசவாகவே படவில்லை. பொழுது போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பங்குனியில் தேர் பார்க்க நீ தெருக்காரப் பெண்களோடு போயிருந்தபோது சட்டத்தைக் கையில் எடுத்தேன். நீ கோத்திருந்ததன் மேல் விளிம்பிலிருந்து நாலு விரற்கடை கீழே, ஓர் இழை இரண்டு பாவு நூலைத் தாண்டி விழுந்திருந்தது. தறிக்காரன் கை அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்காது. தப்பு விழுந்தால் விழுந்த இடம்வரை அவிழ்த்துவிட்டு மறுபடி போடுவதுதான் நம் வீட்டு வழக்கம். அவிழ்த்தேன். அதே நிறங்களை அதே வரிசையில், இழை பிசகாமல் போட்டு முடித்தேன். நீ சந்தோஷப்படுவாய் என்று காத்திருந்தேன். இப்போது நினைத்தால் அதுதான் அதிக வெட்கம்.

வந்து பார்த்தாய். விரலால் தடவினாய்.

"நல்லா இருக்குதுபா. ஆனா இது நீ போட்டதாச்சே. நான் போட்டது எங்க?"

"தப்பு விழுந்திருந்துச்சிக்கா, அதான்."

"இத்தினி வருஷமா நீ கேட்ட கலரு, நீ சொன்ன அளவுன்னு சுத்திக் குடுத்தேன். நானா போட்டது அது ஒண்ணுதான்டா."

நீ அழவில்லை, சண்டையும் போடவில்லை. என் பகுதியை அவிழ்த்துவிடட்டுமா என்று கேட்டதற்கு, "இருக்கட்டும், இன்னும் எத்தினி வாட்டிதான் அவுப்ப?" என்றாய். மறுநாளே அதற்கு மேலே கோக்கத் தொடங்கிவிட்டாய். அதன் பிறகு நீ முடித்த சட்டங்களையெல்லாம் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்த்தேன்.

நீ போய்ப் பல வருடம் ஆகிறது. அந்த முதல் துணி என்னிடம்தான் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் நேராக அந்த நாலு விரற்கடையில் விரலை வைத்து, "இந்த இடம் மட்டும் என்ன நேர்த்தி!" என்கிறார்கள். அது உன்னுடையது இல்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன்.

நீ போட்டது போலப் போட்டுவிடலாம் என்று தனியாக ஒரு சட்டத்தில் முயன்றும் பார்த்தேன். நிறங்கள் ஞாபகம் இருக்கின்றன. வரிசை ஞாபகம் இருக்கிறது. அந்த இழை எங்கே தாண்டியது என்பது கூட ஞாபகம் இருக்கிறது. எண்ணி எண்ணித் தாண்ட வைக்கிறேன் அக்கா, அந்தத் தப்பும் சரியாகவே விழுகிறது.