ஊசிய மட்டும் நீங்க கோத்துடுங்க

போன வாரம் ஒரு காலையில் மெஷின் எண்ணெயும் நூல்தூசியும் கலந்த வாடை சமையலறை வரைக்கும் வந்தது. நீ வந்து உட்கார்ந்துவிட்டாய் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். எட்டிப் பார்த்தால், ஹாலில் பேப்பரை விரித்து துணி ஓரம் அடிக்கும் நம் ஓவர்லாக் மெஷினோடு இவர் உட்கார்ந்திருந்தார். ரிட்டயராக இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, மிச்சமுள்ள லீவைத் தீர்த்துக்கொண்டிருக்கிறார். நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பழுது பார்த்த கைக்கு வீட்டில் வேலை போதவில்லை. மிக்ஸி முடிந்து, ஃபேன் முடிந்து, மெஷினுக்கு வந்திருக்கிறார்.

"பாரு, எப்படிப் பளபளன்னு இருக்கு!" என்றார்.

பளபளவென்றுதான் இருந்தது. அழுக்கோடு அழுக்காக மூன்று நூலையும் உருவி எறிந்திருந்தார். திட்டலாம் என்றால், திருப்பிக் கோத்துக் காட்டு என்பார். பதிமூன்று வருடத்துக்கு மேல் என் வீட்டில் ஓடிய மெஷின் அது. அதற்கு நூல் கோக்க எனக்குத் தெரியாது.

நான் துணி வெட்டி நேர்தையல் போடுவேன், நீ ஓரம் அடிப்பாய். நைட்டி, உள்பாவாடை, ஜூன் வந்தால் ஸ்கூல் யூனிஃபார்ம். உன் வீட்டுக்காரரை கான்ட்ராக்ட் வேலைக்கு அனுப்பிவிட்டு, சுரங்கத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருவாய். மெஷினும் லேசுப்பட்டதல்ல. பதினோராம் பிளாக்கிலிருந்து இந்தக் குவார்ட்டர்ஸுக்கு மாறியபோது டெம்போவிலிருந்து விழுந்தது. பக்கத்து மூடி போயிற்று, நூல் போகும் வழிக்குப் போட்டிருந்த கலர் புள்ளிகள் அதற்கு முன்பே அழிந்திருந்தன. ஒரு நூல் ஊசிக்கு. மற்ற இரண்டும் அடியில் இருட்டுக்குள் ஆடும் லூப்பர் என்ற இரண்டு கொக்கிகளுக்கு. அந்த வழி உனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நூல் கோன் தீர்ந்தால் நீ நூலை உருவமாட்டாய். பழைய நூலின் வாலில் புது நூலை முடிந்து இழுப்பாய். "அவுத்துக் கோக்கறது எதுக்குக்கா? முடிஞ்சி இழுத்தா அதுவா வந்துடுது" என்பாய். ஊசியின் காதில் மட்டும் முடிச்சு நுழையாது. அங்கே வந்ததும் என்னைக் கூப்பிடுவாய்.

"ஊசிய மட்டும் நீங்க கோத்துடுங்கக்கா. உங்க கை ராசி, அறுவறதே இல்ல."

எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். வெட்டிக்கொண்டிருக்கும் துணியைப் போட்டுவிட்டு வந்து கோப்பேன்.

உள்ளே லூப்பரில் நூல் அறுந்தால்தான் சிக்கல். அன்றைக்கு மெஷினைப் பழைய புடவையில் மூட்டை கட்டிக்கொண்டு பண்ருட்டிக்கு பஸ் ஏறிவிடுவாய். கேட்டால் சர்வீஸ் என்பாய். ஒரு நாள் பிழைப்பு அதோடு போகும். யூனிஃபார்ம் தலைக்கு மேல் கிடந்த ஒரு ஜூன் மாதம் எனக்குப் பொறுக்கவில்லை. "அறுந்த நூல்தானே, இங்கயே கோத்தா என்ன? எனக்கும் காட்டு, நானும் கத்துக்கிறேன்" என்றேன்.

நீ மூட்டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னாய்: "உங்களுக்கு எதுக்குக்கா அது? நான்தான் இருக்கனே."

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. தொழிலைப் பொத்தி வைத்துக்கொள்கிறாள், சொல்லிக் கொடுத்தால் தன்னைக் கழற்றிவிடுவேன் என்று நினைக்கிறாள், என் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு என்னையே நம்பவில்லை என்றெல்லாம் மனசு ஓடியது. வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து டீ போட்டால் உன் டம்ளரை மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டு, என் டீயை உள்ளே கொண்டுபோய்க் குடித்தேன். நீ கவனித்தாயா என்று தெரியவில்லை.

மூன்று நாள் காய்ச்சலில் நீ போனாய். உன் வீட்டுக்கு நான் வந்தது அன்றுதான் முதல் தடவை. துக்கத்துக்கு வந்த கூட்டத்தில் நின்றபோதுகூட, கடைசி வரைக்கும் சொல்லிக் கொடுக்காமலே போய்விட்டாளே என்று ஒரு நினைப்பு வந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் வந்தது.

அதற்குப் பிறகு இந்த இரண்டு வருடமும் உன்னைப் போல முடிந்து இழுத்துத்தான் ஓட்டினேன். உள்ளே அறுந்துபோகாமல் எப்படியோ ஓடியது. இப்போது முடிவதற்கு வாலே இல்லை. நானும் மூன்று நாள் பார்த்தேன். தெரிந்த வேலையிலிருந்து தொடங்குவோம் என்று முதலில் ஊசியைக் கோத்தேன். பிறகு குனிந்து, செல்போன் வெளிச்சத்தில் இரண்டு கொக்கிகளுக்கும் வழி கண்டுபிடித்தேன். நான்கு தையல் ஓடும், நூல் அறுந்துவிடும். ஊசியை மாற்றினேன், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் திருகைத் தளர்த்தினேன், நூலைக்கூடப் புதிதாக வாங்கிப் போட்டேன். அறுந்துகொண்டேதான் இருந்தது. வீடியோக்களில் வருவதெல்லாம் வேறு மாதிரி மெஷின். இவர் பக்கத்தில் நின்று, "பெல்ட்டுன்னா நான் பாத்துடுவேன்" என்றார்.

நான்காம் நாள் உன் பழைய புடவையிலேயே மூட்டை கட்டி பண்ருட்டி பஸ் ஏறினேன். சீசன் என்பதால் பஸ் முழுக்கப் பலாப்பழம். மூட்டையை மடியில் வைத்திருந்தேன். இறங்குவதற்குள் தொடை மரத்துவிட்டது. ஸ்டாண்டிலிருந்து மெஷின் சர்வீஸ் கடைக்குப் போவதற்குள் நான்கு இடத்தில் இறக்கி வைத்தேன். நீ என்னைவிடச் சின்ன உடம்பு.

மூட்டையைப் பிரித்ததும் கடைக்காரர், மூடியில்லாத பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது நெய்வேலி மெஷினாச்சே. அந்தம்மா வரலீங்களா?"

சொன்னேன்.

"பாவங்க. நூலு அறுந்தா இத்தத் தூக்கினு வந்துடுவாங்க. சர்வீசுல்லாம் ஒண்ணும் இல்ல, நூலக் கோத்துக் குடுத்தா எடுத்துக்கினு போயிடுவாங்க. கத்துக்கினு போம்மான்னு நானும் எத்தினி வாட்டி காட்டிக்கிறேன். வழில்லாம் சரியாத்தான் சொல்லுவாங்க. உள்ளாற பாத்தா கொக்கி கண்ணுக்குத் தெரியல. கிட்டத்துப் பார்வை போயிடுச்சு. கண்ணாடி போடும்மான்னா, ஐயோ, கண்ணாடியோட போனா அக்கா வேலைய உட்டு நிறுத்திடும்னு சொல்லுவாங்க."

அப்படி ஏன் நினைத்தாய் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நீ வேலைக்கு வந்த முதல் நாள், உனக்கு முன்னால் ஓரம் அடித்தவரைப் பற்றி நானேதான் சொன்னேன். "அவங்களுக்குக் கண்ணு மங்கிடுச்சு, தையல் கோணிக்கிட்டுப் போகுது, நிறுத்திட்டேன்." வேலையில் நான் கறார் என்று காட்டிக்கொள்ளச் சொன்ன பேச்சு. சொன்ன நான் மறந்துவிட்டேன்.

கடைக்காரர் இடுக்கியை என் கையில் கொடுத்தார். "ஊசிய மொதல்ல கோத்திருப்பீங்க, அதான் அறுவுது. அடியில ரெண்டையும் மொதல்ல கோத்து முடிக்கணும். ஊசி கடைசிங்க." நான் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தேன். டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் இவர் பேரில், கம்பெனிச் செலவில் எனக்கு எழுதி வாங்கிய கண்ணாடி. கொக்கியின் துளை துல்லியமாகத் தெரிந்தது. மூன்றாம் தடவையில் நூல் சரியாக உட்கார்ந்தது. ஒரு முழத் துணியை ஓட்டிப் பார்த்தேன், நூல் அறுந்துபோகவில்லை.

சொல்லியிருந்தால் வைத்துக்கொண்டிருப்பேன், கண்ணாடியும் வாங்கிப் போட்டிருப்பேன் என்று எழுதத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். இரண்டு தடவை எழுதி அடித்தேன். அது பொய். அன்றைய நான் உன்னை நிறுத்தியிருப்பேன். அதுவும் சிரித்த முகமாக, ஒரு புடவை வைத்துக் கொடுத்து நிறுத்தியிருப்பேன். உனக்கு அது தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் பதினோரு வருடம் அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டாய்.

அதைப் பிரியம் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். பிரியமாகத்தான் கூப்பிட்டாயா, பயந்துகொண்டு கூப்பிட்டாயா என்று இப்போது தெரிய வேண்டியிருக்கிறது. கேட்க நீ இல்லை.